பங்கோர் தீவு: குடும்ப விடுமுறையும் 1874 ஒப்பந்தமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு எளிதில் போய்வரக்கூடிய கடற்கரைத் தீவு பங்கோர். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும், பகாங்கின் பெயர்பெற்ற தீவான தியோமான் மாநிலத்தின் மறுகோடியில், ரொம்பின் மாவட்டத்தில், தென்சீனக் கடலில் இருக்கிறது. அங்கே போக நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். பங்கோர் அப்படியல்ல. பேராக் கரைக்கு எதிரே, மலாக்கா நீரிணையில் உள்ள தீவு அது. காலையில் மலையிலிருந்து இறங்கினால் பிற்பகலில் மணலில் கால் வைத்துவிடலாம்.

பங்கோரின் மேற்குக் கரை முழுவதும் குளிப்பதற்கேற்ற கடற்கரைகள். கிழக்குக் கரை முழுவதும் மீனவர் கிராமங்கள். விடுமுறைக்குப் போகிறவர்களில் பலர் கடலில் குளித்து, மீன் சாப்பிட்டு, நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சிறு தீவின் கடற்பரப்பில் 1874இல் போடப்பட்ட ஒரு கையெழுத்துதான் பேராக்கை ஆங்கிலேயர் பிடிக்குள் கொண்டுவந்தது. ரப்பர்த் தோட்டங்களும், தேயிலைத் தோட்டங்களும், அவற்றை நம்பிக் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்களும் அதன் பின்னால் வந்தவர்கள். தோட்டப்புறத் தமிழர்களுக்குப் பங்கோர் வெறும் சுற்றுலாத் தீவாக மட்டும் இருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

டச்சுக் கோட்டையும் ஈயமும்

பங்கோரின் பழைய சச்சரவுகளுக்கெல்லாம் மூலகாரணம் ஈயம். பேராக் ஆற்று வழியே கடலுக்கு வந்த ஈயத்தைத் தாங்களே மொத்தமாக வாங்க வேண்டும் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. அந்த ஈயத்தைச் சேமிக்கவும், மற்ற வணிகர்களின் கப்பல்களைக் கண்காணிக்கவும் 1670இல் தீவின் தென்கிழக்குக் கரையில் டச்சுக்காரர்கள் ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று தெலுக் கெடோங் என்னும் இடத்தில் செங்கற்சுவர்களாக நிற்பது அதுதான்.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1689இல் இந்தத் தீவுக்கு வந்து, கோட்டையைப் பற்றியும் அங்கிருந்த சிப்பாய்கள் உள்ளூர் மக்களுக்கு அஞ்சி வாழ்ந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே, 1690இல், உள்ளூர் மலாய்க்காரர்கள் கோட்டையைத் தாக்கினார்கள். 1743இல் டச்சுக்காரர்கள் மீண்டும் வந்து அதைச் செப்பனிட்டார்கள். 1748இல் கைவிட்டுப் போனார்கள். 1973இல் தேசிய அருங்காட்சியகம் இடிபாடுகளைச் சீரமைத்தது.

கோட்டைக்கு அருகில் ஒரு பெரிய பாறை உண்டு. அதில் 1743 என்ற ஆண்டும், குழந்தையைப் புலி கவ்வுவது போன்ற உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. டச்சுக்காரக் குழந்தை ஒன்றைப் புலி தூக்கிப்போனது என்பது ஊர்க்கதை. புலி என்று சொன்னது வெளியே காட்டிய சாக்கு, குழந்தையைக் கொண்டுபோனவர்கள் டச்சுக்காரர்களை வெறுத்த மனிதர்கள்தான் என்று இன்னொரு கதையும் உண்டு. எது உண்மையானாலும், அந்தக் காலத்தில் இங்கே நிம்மதி இல்லை என்பதை அந்தப் பாறை காட்டுகிறது.

1874 ஜனவரி 20

அடுத்த பெரிய சச்சரவும் ஈயத்தால் வந்ததே. லாருட் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் 1861 முதல் மோதிக்கொண்டன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதே காலத்தில் பேராக் அரியணைக்கும் போட்டி எழுந்தது. 1871இல் சுல்தான் அலி மறைந்தபோது, அடுத்து வர வேண்டிய ராஜா அப்துல்லாவை விட்டுவிட்டு ராஜா இஸ்மாயிலைப் பிரமுகர்கள் சுல்தானாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்துல்லா ஆங்கிலேயரின் உதவியை நாடினார்.

நீரிணைக் குடியேற்றங்களின் புதிய கவர்னராக வந்த ஆண்ட்ரூ கிளார்க், எல்லாரையும் பங்கோருக்கு அழைத்தார். தீவையொட்டி நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்ற கப்பலில் 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனச் சங்கத் தலைவர்களும் அதே சமயத்தில் சமாதானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்த சுரங்க ஊருக்குப் பிறகு தைப்பிங் என்று பெயர் வந்தது. சீனத்தில் அதற்கு நிலைத்த அமைதி என்று பொருள்.

ஒப்பந்தத்தின் முக்கிய விதிகள் மூன்று. அப்துல்லாவே சுல்தான். சுல்தானின் அவையில் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவர் இருப்பார். மலாய்ச் சமயமும் வழக்கமும் தவிர்ந்த எல்லா விஷயங்களிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு, அதன்படி நடக்க வேண்டும். பங்கோரும் அதற்கு எதிரே உள்ள நிலப்பகுதியும் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரம் ஆங்கிலேயருக்கு விடப்படும்.

இரண்டாவது விதிதான் நாட்டின் போக்கை மாற்றியது. கேட்டபடி நடந்தே ஆக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, கட்டளை. ஒப்பந்தத்தின் மலாய் வடிவத்துக்கும் ஆங்கில வடிவத்துக்கும் இடையே சொல்லழுத்தத்தில் வேறுபாடு இருந்ததை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மலாய்ப் பிரமுகர்கள் எதற்கு ஒப்புக்கொண்டதாக நினைத்தார்கள், ஆங்கிலேயர் எதைப் பெற்றுக்கொண்டதாக நினைத்தார்கள் என்ற கேள்வி இன்றும் பேசப்படுகிறது. சுல்தானாக அதுவரை இருந்த இஸ்மாயில் அந்தக் கப்பலுக்கு வரவே இல்லை.

பாசிர் சாலாக்கும் சிஷெல்சும்

முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச். வரி வசூலைத் தன் கைக்குக் கொண்டுவர முயன்றார். கடன் அடிமை முறையை எதிர்த்து, தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். அடிமை முறையை எதிர்த்தது நியாயமே. ஆனால் வரி என்பது பிரமுகர்களின் பிழைப்பு. உள்ளூர் வழக்கத்தை மதிக்காமல் அவர் அவசரப்பட்டது எல்லாரையும் பகைவர்களாக்கியது. 1875 நவம்பர் 2ஆம் தேதி, பேராக் ஆற்றங்கரையில் பாசிர் சாலாக்கில், ஆற்றுக் குளியலறையில் இருந்தபோது பர்ச் குத்திக் கொல்லப்பட்டார்.

ஆங்கிலேயப் படைகள் திரண்டு வந்தன. டத்தோ மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். ஒப்பந்தத்தால் சுல்தானான அப்துல்லாவே சதியில் பங்குடையவர் என்று கூறப்பட்டு, இந்துமாக்கடலில் உள்ள சிஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று உலகம் முழுவதிலுமிருந்து புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்குப் போகும் சிஷெல்ஸ், அன்று ஒரு மலாய் மன்னருக்குச் சிறை. பேராக் மாநிலப் பண்ணின் மெட்டு அங்கிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த மெட்டே பின்னர் நம் தேசியகீதமான நெகாராகூவுக்கும் ஆனது.

பங்கோரிலும் அமைதி உடனே வரவில்லை. டிண்டிங்ஸ் வட்டாரத்தின் ஆங்கிலேய மேலதிகாரி கேப்டன் லாய்ட் 1878இல் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு இப்பகுதிக்கு வந்த பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் அந்தக் கொலையைப் பற்றி எழுதியிருக்கிறார். டிண்டிங்ஸ் வட்டாரம் 1935இல்தான் பேராக்கிடம் திரும்பி வந்தது.

பங்கோரிலிருந்து கேமரன் மலை வரை

ரெசிடெண்ட் முறை பேராக்கோடு நிற்கவில்லை. சிலாங்கூர், நெகிரி செம்பிலான் என்று பரவி, 1888இல் பகாங்கையும் எட்டியது. 1896இல் நான்கு மாநிலங்களும் ஒரே கூட்டாட்சியாக்கப்பட்டன. பங்கோர் ஒப்பந்தத்தின் காலத்தில் இளம் அதிகாரியாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம்தான் அந்தக் கூட்டாட்சியின் முதல் தலைமை ரெசிடெண்ட்.

ஆட்சி கைக்கு வந்ததும் நிலம் தோட்டக் கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1877இல் கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழி வந்த மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கரை முழுவதையும் பால்மரக்காடாக்கின. அந்தக் காடுகளுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன் பிறகும் தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு தடை விதித்தபோது நின்றது.

வந்தவர்களில் பலர் கண்ட முதல் மலாயா மண்ணும் ஒரு தீவுதான். பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் வந்த தொழிலாளர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடமும் அதுவே. 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலை. 2004இல் அதே தீவில் உல்லாச விடுதி ஒன்று திறக்கப்பட்டது. தீவுகளுக்கு இப்படி வேடம் மாறுவது புதிதல்ல.

கேமரன் மலையின் கதையும் இதே வரிசையில் வருகிறது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1925க்குப் பிறகு ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் முயற்சியால் இதை மலைவாசத்தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் தமிழர்களின் பங்கு பெரிது. மலை பகாங்குக்குச் சொந்தம். ஆனால் ஆளும் அரிசியும் ஏறி வந்த சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்து வந்தது.

ஜப்பானியர் காலம்

இரண்டாம் உலகப்போரிலும் பங்கோர் தப்பவில்லை. ஜப்பானியரை எதிர்த்து இரகசியமாக இயங்கிய 136ஆம் படைப்பிரிவினர் நீர்மூழ்கிக் கப்பல்களில் வந்து இந்தக் கடற்பகுதி வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். அவர்களுடைய முகாம் பீடோருக்கு மேலே உள்ள மலைக்காட்டில் இருந்தது. பங்கோரிலும் ஈப்போவிலும் அவர்களுக்கு உளவுத் தொடர்புகள் இருந்தன. 1944 தொடக்கத்தில் ஜப்பானியர் பங்கோரில் பெரும் சோதனை நடத்தி அந்தப் பின்னலை அறுத்தார்கள். பிடிபட்ட லிம் போ செங், சித்திரவதைக்கு உள்ளாகி 1944 ஜூன் 29ஆம் தேதி பத்துகாஜா சிறையில் உயிர் நீத்தார். மூன்றாண்டுக்கும் மேலாகக் காட்டில் மறைந்திருந்த ஆங்கிலேய அதிகாரி பிரெடி ஸ்பென்சர் சாப்மன், 1945 மே மாதம் பக்கத்திலுள்ள பங்கோர் லாவுட் தீவின் கடற்கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலேறி வெளியேறினார். அந்தத் தீவு இன்று விலை உயர்ந்த உல்லாச விடுதி.

மாசி மகமும் காளியம்மனும்

பங்கோரில் தமிழர்களுக்கென்று ஒரு நாள் உண்டு. கடலைப் பார்த்தபடி அமைந்துள்ள ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் மாசி மகம் கொண்டாடப்படுகிறது. பால்குடம், காவடி என்று நேர்த்திக்கடன் செலுத்த நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பக்தர்கள் ஆயிரக்கணக்கில் படகேறி வருகிறார்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும் இந்தத் திருவிழாவின்போது தங்குமிடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். சாமி கும்பிடப் போகிறவர்கள் பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடிப்பது நல்லது. அமைதியாகக் கடலை மட்டும் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

எப்போது போகலாம்?

கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையில் ஏறக்குறைய மூடிக்கிடக்கும். பங்கோருக்கு சுமத்ரா மறைவாக இருப்பதால் ஆண்டு முழுவதும் போகலாம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் கடலுக்குப் போக விரும்பும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. மழை வராது என்பதல்ல. கடல் பொதுவாகக் கொந்தளிப்பதில்லை.

ஆனால் தோட்டக் குடும்பங்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும்தான் கேமரன் மலைக்கே கூட்டம் வரும். கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு அப்போது விடுப்பு கிடைப்பது கடினம். மலைச்சாலையும் நெரிசலாக இருக்கும். பிள்ளைகளின் விடுமுறையில் வார நாள்களைத் தேர்ந்தெடுத்தால், ஏறி வரும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இறங்கலாம். தீவில் அறை வாடகையும் வார நாள்களில் குறைவாக இருப்பது வழக்கம்.

போகும் வழி

கம்போங் ராஜா, பிரிஞ்சாங் பக்கம் இருப்பவர்களுக்கு சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கி ஈப்போ வழியாக லுமுட் போவது எளிது. ரிங்லெட், ஹபு பக்கம் இருப்பவர்கள் தாப்பாவில் இறங்கி, பீடோர், தெலுக் இந்தான், சித்தியவான் வழியாகப் போகலாம். இந்த இரண்டாவது வழியில் போகிறவர்கள், பேராக் ஆற்றங்கரையில் உள்ள பாசிர் சாலாக் வரலாற்று வளாகத்தையும் சற்றுச் சுற்றிப் போய்ப் பார்க்கலாம். பேருந்தில் போகிறவர்கள் ஈப்போவில் மாறிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு மலைச்சாலைகளிலும் மண்சரிவு ஏற்படுவதுண்டு. புறப்படும் முன் சாலை நிலவரத்தை விசாரிக்க வேண்டும்.

லுமுட்டில் காரை நிறுத்திவிட்டுப் பயணிகள் படகில் ஏற வேண்டும். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும். பிறகுதான் பங்கோர் பட்டணம். முதல் துறையில் அவசரப்பட்டு இறங்கிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. தீவுக்குள் இளஞ்சிவப்பு நிற வேன் டாக்சிகள் ஓடுகின்றன. குடும்பமாகப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும்.

பாசிர் போகாக் பட்டணத்துக்கு அருகில் உள்ள கடற்கரை. தெலுக் நிப்பாவில் தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் அதிகம். மாலையில் அங்கே இருவாய்ச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து உட்காரும். மேற்குப் பக்கம் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதைக் காணலாம்.

2020 ஜனவரி 1 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. சாக்லேட், பாத்திரங்கள் போன்றவை வாங்கலாம். மதுபானம், புகையிலை, வாகனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. லங்காவி போல மலிவாக வாங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பங்கோரில் வாங்கத் தக்கவை நெத்திலியும் கருவாடும் மீன் கெரோப்போக்கும்தான்.

பிள்ளைகளுக்குக் கவனம்

கேமரன் மலைப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தின் குளிரில் வளர்பவர்கள். கடற்கரை வெயில் அவர்களுக்குப் பழக்கமில்லை. காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் குளிக்க வைத்து, நடுப்பகலில் நிழலில் வைத்திருப்பது நல்லது. தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். ஓடையில் குளித்துப் பழகியவர்களுக்கு ஆழம் கண்ணுக்குத் தெரியும். கடலில் அது தெரியாது. நீர் வற்றும் நேரத்தில் இழுப்பு இருக்கும். நீந்தத் தெரிந்த பிள்ளையானாலும், பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே கூட நிற்க வேண்டும். ஜெல்லி மீன் இருக்கிறதா என்று உள்ளூர் மீனவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். படகில் போய் எதிரே உள்ள கியாம் தீவைப் பார்ப்பவர்கள் உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறக் கூடாது.

இரண்டு நாள் பயணத்தில் ஒரு காலைப்பொழுதைத் தெலுக் கெடோங்குக்கு ஒதுக்கினால் போதும். கோட்டை சிறியது, அரை மணி நேரத்தில் புலிப்பாறையோடு சேர்த்துப் பார்த்து முடித்துவிடலாம். திரும்பும் வழியில் காளியம்மன் கோயிலுக்கும், குட்டிச் சீனப் பெருஞ்சுவர் உள்ள பூ லின் கோங் கோயிலுக்கும் போகலாம். பங்கோர் ஒப்பந்தம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வருகிறது. பரீட்சைக்காக ஆண்டையும் தேதியையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அந்தக் கப்பல் நின்ற கடலைக் காட்டி, தாத்தா பாட்டி இந்த நாட்டுக்கு வந்ததற்கும் அந்தக் கையெழுத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோரால் முடியும்.